இரண்டாம் லைனுக்கு ஒரு மாற்று ஆள்

ஜூலை 7, திங்கள்

எங்கள் கன்சல்டன்ட் ஒரு நாள்கூடத் தையல் மெஷினில் உட்கார்ந்தது கிடையாது. தைத்துக்கொண்டிருந்தவளை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. அந்தப் போட்டோ இன்று நோட்டீஸ் போர்டில்.

வெயில். ஆடி பிறக்கவில்லை, காற்று மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது. ஆரப்பாளையத்தில் கம்பெனி பஸ் ஏறுவதற்குள் கண்ணெல்லாம் மண்.

இன்று முதல் இரண்டாம் லைனில் புது முறை. இதுவரை இங்கே சட்டை தைத்த விதம்: வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு அனுப்புவது. காலர் வைப்பவள் பக்கத்தில் ஒரு குவியல், கை வைப்பவள் பக்கத்தில் ஒரு குவியல். காலையில் நடந்த தப்பு சாயங்காலம் செக்கிங்கில்தான் தெரியும். அதற்குள் அந்தக் கட்டு முழுக்க அதே தப்பு. பிரித்துத் தைக்க வேண்டியது, திட்டு வாங்க வேண்டியது, பஸ்ஸைத் தவறவிட வேண்டியது.

இனிமேல் கட்டு இல்லை. மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு பீஸ் மட்டும். அடுத்தவள் எடுத்தால்தான் இவள் வைக்கலாம். இதற்குப் பெயர் லீன், ஜப்பானில் பிறந்த முறை. நான் இங்கே ஐ.இ., இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை, யார் எவ்வளவு நேரத்தில் தைக்கிறார்கள் என்று பின்னால் நின்று பார்க்கிற வேலை. எவளுக்கும் பிடிக்காத வேலை.

நாளைக்கு:
– தட்டுகளுக்கு மஞ்சள் பெயின்ட்
– தரையில் கோடு
– செருப்பு தைக்கக் கொடுப்பது
– அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து

மதியத்துக்கு மேல் லைன் ஓடிய விதம் அழகு. அதை எழுதித்தான் ஆகவேண்டும். குவியல் போனதும் ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரிகிறது. சட்டை வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி போகிறது. பாடப் புத்தகத்தில் படம் போட்டுப் படித்ததை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அட்டையில் எழுதவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

‘ஏழு வகை வீண்’ சார்ட் ஒட்டினேன். தமிழாக்கம் கேவலம். காத்திருத்தல் வீண். நடத்தல் வீண். தேக்கம் வீண். நூல் வெட்டும் ஹெல்பர் செல்வி அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நடந்தா வீணுன்னா, பாத்ரூமுக்கு எங்களப் பறந்தா போகச் சொல்றாக?”

சிரித்தேன். சுற்றியிருந்த யாரும் சிரிக்கவில்லை. அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை.

லைன் சூப்பர்வைசர் கணேசன் அண்ணே இன்று கத்தவே இல்லை. கத்துவதற்கு ஒன்றும் இல்லையாம். சும்மா நிற்க ஒரு மாதிரி இருக்கிறது என்று ஃபேன் துடைத்தார். பிரித்துத் தைக்க வேண்டிய ஆல்ட்டர் பீஸ் போடும் கூடை பாதிகூட நிரம்பவில்லை.

மெஷின் வரிசைக்கு மேல் சிவப்பு விளக்கு மாட்டியாயிற்று. தப்பு கண்டால் யார் வேண்டுமானாலும் சுவிட்சை அழுத்தி லைனை நிறுத்தலாம். கன்சல்டன்ட் இதை மூன்று முறை சொன்னார். ஒருத்தியும் அழுத்தவில்லை. முன்னால் இருப்பவள் கோணலாகத் தைத்து அனுப்பினால் பின்னால் இருப்பவள் சத்தமில்லாமல் பிரித்துத் தைத்துக்கொள்கிறாள். காட்டிக் கொடுக்க மாட்டார்கள். எரிச்சல்தான், ஆனாலும் பிடித்திருந்தது.

கேன்டீன் சாம்பாரில் இன்று முருங்கைக்காய். அதிசயம்.

ஜூலை 10, வியாழன்

பதுக்கல் பிடிபட்டது.

சாயங்காலம் தரையைச் சுத்தம் செய்து சரிபார்க்கும் நேரம். காலர் வைக்கும் முனீஸ்வரியின் ஸ்டூல் மேல் ஒரு பழைய குஷன். கன்சல்டன்ட் அதைத் தூக்கினார். அடியில் காலர் வைத்து முடித்த சட்டைகள், மடித்து. பக்கத்து ஸ்டூலிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

தட்டில் இரண்டு, குஷனுக்கு அடியில் நாலு. முறையைக் கேலி செய்கிறார்கள் என்றார் கன்சல்டன்ட். திருட்டுக்குச் சமம் என்றார். கணேசன் அண்ணே தலையைச் சொறிந்தார். விதிமீறல் என்று சிவப்புச் சீட்டு எழுதி ஸ்டூலில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியது நான். குஷன்களை வாங்கி ஸ்டோரில் போட்டோம்.

எனக்கும் கோபம்தான். இவ்வளவு அழகாக ஓடுகிற லைன். எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்?

பஸ்ஸில் முனீஸ்வரி எப்போதும் எனக்கு முன் சீட். சோழவந்தான் தாண்டி ஒரு ஊர் அவளுக்கு. எங்கள் பஸ் முதலில் அவர்களை இறக்கிவிட்டுத்தான் மதுரைக்குத் திரும்பும். தினமும் இறங்கும்போது, “வாரேன் மேடம்” என்பாள். இன்று பின்னால் போய் உட்கார்ந்தாள். சொல்லாமலே இறங்கினாள்.

ஜூலை 11, வெள்ளி

கை வைக்கும் மெஷினில் ஆள் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். முனீஸ்வரிக்கு அடுத்த மெஷின். கணேசன் அண்ணே வந்து நின்றார். “மேடம், படிக்கிறப்ப தச்சிருப்பீகள்ல? இன்னைக்கு மட்டும் ஒக்காருங்க. இல்லாட்டி லைனே படுத்துரும்.”

உட்கார்ந்தேன். பழகிய கைதான், வேகம்தான் இல்லை. போகப் போக வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. டீ வந்தது, குடித்தேன். தண்ணீரும் குடித்தேன். மற்றவர்கள் டீயைப் பாதியில் வைத்ததைக் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் போக வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தால் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எழுந்தால் எனக்கு இந்தப் பக்கம் தட்டில் இரண்டு பீஸ் நிரம்பி முனீஸ்வரி நிற்பாள். அந்தப் பக்கம் தட்டு காலியாகி அடுத்த மெஷின் ஜெயா சும்மா உட்காருவாள். அவளுக்கு அடுத்தவளும். ஒருத்தி எழுந்தால் லைன் முழுக்க நிற்கும், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். காத்திருத்தல் வீண் என்று எதிர் சுவரில் நானே ஒட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டு மணி வரை தாங்கினேன். அடிவயிறு கல். தைத்தது எல்லாம் கோணல்.

மணி அடித்ததும் ஒட்டுமொத்தக் கூட்டமும் பாத்ரூமுக்கு ஓடியது. நானும் ஓடினேன். வரிசையில் முனீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் வெளுத்து. முன்னால் நின்றவர்கள் பேசாமல் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு சொன்னாள். “அஞ்சாவது மாசம் மேடம். ஆபீஸ்ல சொல்லிறாதீக. சொன்னா காலர்லருந்து எடுத்து நூல் வெட்டப் போட்ருவாக. சம்பளம் எறங்கிரும்.”

அப்புறம், துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டே: “குஷனுக்கு அடியில வச்சது திருட்டுக்கா மேடம்? நான் எந்திரிச்சுப் போனா பக்கத்துல உள்ளவ அத எடுத்துத் தச்சுக்கிருவா. ஒருத்தருக்கும் தெரியாது. போய்ட்டு வந்துருவேன்.”

ஆக, கன்சல்டன்ட் அகராதியில் தேக்கம். இவர்கள் அகராதியில் எழுந்து போய்விட்டு வரும் நேரம். அதைத்தான் நாங்கள் பிடுங்கி ஸ்டோரில் பூட்டினோம்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அப்புறம் பசித்தது. இட்லி, நேற்றைய கருவாட்டுக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். ஸ்கூட்டிக்கு ஆயில். துணி ஊற வைத்தேன், அலசவில்லை.

கன்சல்டன்ட் போட்ட நேரக் கணக்கைப் போனில் திறந்து பார்த்தேன். தைக்கிற நேரத்தோடு தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, கை ஓய என்று ஒரு பங்கு சேர்க்க வேண்டும். இது கருணை இல்லை, கணக்கு. டிப்ளமோவில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள். சேர்க்காமல் எழுதினால் மார்க் கிடையாது. இவர் கணக்கில் அந்தப் பங்கே இல்லை. எடுத்துவிட்டார். எடுத்ததைத்தான் ‘முன்னேற்றம்’ என்று எம்.டி.யிடம் காட்டியிருக்கிறார்.

பெரிய புத்திசாலித்தனம். ஒரு பொம்பளையின் மூத்திரத்தை அடக்கி அதற்கு ஜப்பான் முறை என்று பெயர் வைத்துப் பில் போடுவது.

ஆனால் தட்டைக் குறை சொல்ல மாட்டேன். பழைய குவியலுக்குத் திரும்பவும் வேண்டாம். குவியல் காலத்திலும் பாத்ரூம் போனால் திட்டுத்தான், இன்னும் கேவலமான திட்டு. ஒழுங்காகச் செய்கிற ஊர்களில் லைனுக்கு ஒரு மாற்று ஆள் இருப்பார். எல்லா மெஷினும் தெரிந்தவர். ஒருத்தி கை தூக்கினால் அந்த இடத்தில் போய் உட்காருவார், அவள் வந்ததும் எழுந்துவிடுவார். லைன் நிற்காது. அந்த ஆளை மட்டும் இங்கே விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் அம்மாவின் பழைய மெஷினில் காலர் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது: “இதப் போட்டா கழுத்து சுளுக்குன மாதிரில்ல இருக்கும்.” அதையே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நல்ல ஞாயிறு.

ஜூலை 14, திங்கள்

அந்தப் பங்கு எங்கே என்று கன்சல்டன்ட்டிடம் கேட்டேன். கட்டுப்பாடு வந்துவிட்டால் அது தேவைப்படாதாம். எல்லோரும் மணி அடிக்கும்போது போகப் பழகிக்கொள்வார்களாம். உங்கள் வீட்டுப் பெண்கள் மணி பார்த்தா போகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நானும் சம்பளக்காரிதான்.

கோயம்புத்தூர் போகிறார். எம்.டி. லைனைப் பார்க்க வரும் அன்றைக்குத்தான் திரும்புவாராம். நல்லது.

ஜூலை 15, செவ்வாய்

கணேசன் அண்ணேயைத் தனியாகப் பிடித்தேன். செல்வி அக்காவை மாற்று ஆளாகப் போடலாம் என்றேன். வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பழகியவர். அண்ணே பயந்தார். கேட்டால் யார் பதில் சொல்வது? நான் என்றேன். அப்படியானால் நூல் யார் வெட்டுவது? நீங்கள் என்றேன்.

வெட்டினார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கத்திரியை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு. லைன் முழுக்க அவரைப் பார்த்துத்தான் தைத்தது.

செல்வி அக்கா முதல் நாளே ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தார். ஜெயா தூக்கிக் காட்டினாள்.

“யக்கா, இத எவன் போடுவான்?”

“பின்னாடி நடக்குறவன் போடுவான், வைய்யிடி.”

பிரித்தார், தைத்தார், மெஷினைத் திட்டினார், தன்னைத் திட்டிக்கொண்டார். மதியத்துக்குள் மூன்று மெஷின் கைவந்தது. முனீஸ்வரி இரண்டு முறை எழுந்து போனாள். நிமிர்ந்து நடந்து போனாள், ஓடவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இறங்கும்போது, “வாரேன் மேடம்.”

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. புதிதாகக் கல்யாணமான இரண்டு பெண்கள் லீவு, அம்மா வீட்டில் கூட்டிப் போய்விட்டார்கள். முதல் லைன் திண்டாடியது. எங்கள் லைனில் செல்வி அக்கா ஒரு இடத்தை அடைத்தார். ஓடியது.

மெஷின் காலடியில் தண்ணீர் பாட்டில்கள் திரும்பி வந்திருக்கின்றன. விதிப்படி தரையில் சொந்தப் பொருள் கூடாது. நானே மஞ்சள் பெயின்டில் பாட்டிலுக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டேன். கோடு போட்டு இடம் ஒதுக்கினால் விதி ஆகிவிடும். கன்சல்டன்ட்டிடம் கற்றது.

செல்வி அக்கா ஹெல்பர் சம்பளத்தில் டெய்லர் வேலை பார்க்கிறார். நான்தான் பார்க்க வைக்கிறேன். இதுவும் சுரண்டல்தான். மறக்காமல் எம்.டி.யிடம் கேட்க வேண்டும்.

காற்று. மாடியில் காயப்போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவில்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. எல்லோர் தலையிலும் பூ. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை விலை கேட்கவே பயம் என்றாள் ஜெயா, ஆனால் அவள் தலையில்தான் அதிகம். ஒருத்தி தூக்குச்சட்டியில் கூழ் கொண்டுவந்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

இன்று ஒரு விஷயம் நடந்தது. பதினொரு மணி வாக்கில் திடீரென்று சிவப்பு விளக்கு. முதல்முறை. மெஷின்கள் நின்றன. அழுத்தியவள் முனீஸ்வரி. நானும் அண்ணேயும் ஓடினோம். உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். இல்லை. காலர் துணி ஒரு சாயல் மாறி வந்திருந்தது. சட்டை நீலம் வேறு, காலர் நீலம் வேறு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். கட்டிங்கில் இரண்டு ரோல் துணியைக் கலந்துவிட்டார்கள். கட்டு முறையில் இது பேக்கிங் வரை போயிருக்கும்.

கட்டிங் ஆளை வரச் சொல்லி மாற்றி வாங்கினோம். சிவப்பு விளக்கு அணைந்தது. யாரோ கை தட்டினார்கள், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். முனீஸ்வரிக்கு வெட்கம். “என்னமோ குத்துவிளக்கு ஏத்துன மாதிரி தட்டுறீக,” என்றாள்.

ஏன் இத்தனை நாள் அழுத்தவில்லை என்று பிறகு யோசித்தேன். எழுந்து போகவே விடாத இடத்தில், லைனை நிறுத்த உனக்கு உரிமை உண்டு என்றால் எவள் நம்புவாள்? முதலில் எழ விட வேண்டும். இது எந்தச் சார்ட்டிலும் இல்லை.

பஸ்ஸில் தூங்கிவிட்டேன். ஜன்னல் கம்பியின் தடம் நெற்றியில்.

ஜூலை 19, சனி

ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். புதன்கிழமையிலிருந்து செல்வி அக்கா பழையபடி நூல் வெட்ட வேண்டும். கன்சல்டன்ட் போனில் சொன்னாராம். மதிப்புக் கூட்டாத ஆள், எடுத்துவிடுங்கள் என்று. எம்.டி. செவ்வாய்க்கிழமை வருகிறார். அவர் பார்த்து ஒப்புக்கொண்டால் எல்லா லைனுக்கும் இதே முறையாம். அதாவது மாற்று ஆள் இல்லாமல்.

செய்தி லைன் முழுக்கப் போய்விட்டது. பஸ்ஸில் முனீஸ்வரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“செல்வியக்கா இல்லேன்னா நான் வேலைய விட்டு நின்னுக்கிர்றேன் மேடம். முந்தி மாதிரி அடக்கிக்கிட்டு ஒக்கார முடியாது. டாக்டரம்மா வஞ்சுட்டாக.”

அவள் புருஷனுக்கு மழை பெய்தால்தான் வயல் வேலை. இவள் சம்பளம்தான் வீடு. நின்றால் அடுத்த கம்பெனியில் வயிற்றைப் பார்த்ததும் வேண்டாம் என்பார்கள். எம்.டி.யிடம் நான் கேட்கிறேன் என்றேன். “உங்களுக்கு வேலை போயிராதுல்ல?” என்று கேட்டாள். போனால் போகட்டும் என்று சொல்ல ஆசை. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. “பாத்துக்கிருவோம்” என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

என்ன பேசுவது என்று அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை. அம்மாவுக்கு எம்.டி. வேஷம் ரொம்பப் பிடித்துவிட்டது. காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, “அடுத்து,” என்றார். நான் சொல்லி முடித்ததும், “நாயந்தானே கேக்குற, குடுத்துருவாக,” என்றார். அம்மா எம்.டி. ஆகியிருந்தால் மதுரை மாவட்டமே நன்றாக இருக்கும்.

துணியை அலசிவிட்டேன், ஒருவழியாக.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு வெயில். செருப்பு தைத்து வந்துவிட்டது. இஸ்திரி போட்ட சுடிதார். அண்ணேயும் புதுச் சட்டை, நம் லைனில் தைத்ததுதான்.

எம்.டி. வந்தது சாப்பாட்டுக்கு முன்னால். கூடவே கன்சல்டன்ட், ஆபீஸ் ஆட்கள். மற்ற லைன்களை வேகமாகக் கடந்து நேரே இரண்டாம் லைனுக்கு. தரையைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார், ஆல்ட்டர் கூடையைப் பார்த்தார். கிட்டத்தட்டக் காலி. முகம் மலர்ந்தது. கன்சல்டன்ட் என்னைக் காட்டி, நல்ல பொண்ணு சார், சொன்னதை அப்படியே செய்யும் என்றார்.

அந்த நேரத்தில்தான் முனீஸ்வரி கையைத் தூக்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நிஜமாகவே அவசரம். செல்வி அக்கா போனார், அவள் எழுந்தாள், இவர் உட்கார்ந்தார். லைன் நிற்கவில்லை. எம்.டி. கவனித்துவிட்டார். செல்வி அக்காவைக் காட்டி, “அந்தம்மா மெஷின் இல்லாம எதுக்குச் சும்மா நின்னாங்க, நடந்தாங்க?” என்றார்.

நாளையிலிருந்து இருக்க மாட்டார்கள் சார் என்றார் கன்சல்டன்ட்.

நான் முன்னால் போனேன். இந்த லைன் இவ்வளவு சுத்தமாக ஓடுவதே செல்வி அக்காவால்தான் என்றேன். கூடை காலியாக இருப்பதற்கும், சாயல் மாறிய துணி பிடிபட்டதற்கும் அவர்தான் காரணம் என்றேன். நேரக் கணக்கிலிருந்து எடுத்த பங்கைச் சொன்னேன். குஷனைச் சொன்னேன். முனீஸ்வரி வயிற்றை மட்டும் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. பாத்ரூம் என்ற வார்த்தையை எம்.டி. முன்னால் நாலு முறை சொன்னேன். ஆபீஸ் ஆள் ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்தார்.

“சார், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மாற்று ஆள் வேணும். டெய்லர் சம்பளத்துல. எடுத்த நேரத்த திரும்பக் கணக்குல சேக்கணும்.”

மெஷின் சத்தம் குறைந்திருந்தது. லைன் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தது. முனீஸ்வரி திரும்பி வந்து செல்வி அக்கா பின்னால் நின்றாள், கையில் ஈரம்.

எம்.டி. என்னைப் பார்த்தார். கன்சல்டன்ட்டைப் பார்த்தார். குனிந்து, தட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். காலரைப் புரட்டினார், தையல் மேல் விரலை ஓட்டினார்.

“பினிஷிங் நல்லாருக்கே.”

சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மூன்றாம் லைன் பக்கம் நடந்தார். மற்றவர்களும் பின்னால். தட்டில் ஒன்று குறைந்து, கை வைப்பவள் எடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

நான் பின்னால் போனேன். மூன்றாம் லைன் குவியல்களுக்கு நடுவில் நின்று மறுபடி கேட்டேன்.

“சார், மாற்று ஆள்?”